கோணலான குசினியில் நேரான வேலை

விடியற்காலை நான்கரை மணி. லிங்கி வட்டாரத் தோட்டக் குடியிருப்புகளில் முதலில் எரியும் விளக்கு குசினி விளக்குத்தான். காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்கு வடியும். ஆதலால் மரம் வெட்டுவோர் வெயில் ஏறுமுன் நிரைக்குள் நிற்க வேண்டும். பெரட்டுக்குப் புறப்படுவதற்குள் சோறு வடித்து, குழம்பு கூட்டி, பிள்ளைகளுக்குப் பசியாறக் கொடுத்து, பகல் உணவையும் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் உள்ள நேரம் ஏறக்குறைய ஒரு மணிதான். தூக்கம் முழுதும் கலையாத அந்த ஒரு மணி நேரத்தில், கொதிக்கும் பானையும் கூரிய கத்தியும் எரியும் அடுப்பும் உள்ள சிறிய அறைக்குள் ஒரு குடும்பமே நடமாடுகின்றது.

அந்த அறை சதுரமாகவும் விசாலமாகவும் இருந்துவிட்டால் தொல்லையில்லை. நம் தோட்ட வீடுகள் பலவற்றில் அது அவ்வாறு அமைவதில்லை. அவ்வாறு அமையாத குசினியை ஒழுங்குபடுத்தும் முறையைப் பற்றியதே இம்மாதப் பாடம்.

லிங்கியில் ஒரு வீடு

சில திங்களுக்கு முன்னர் லிங்கி வட்டாரத் தோட்டமொன்றில் ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். கணவன், மனைவி இருவரும் மரம் வெட்டுபவர்கள். வயது முதிர்ந்த மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் இருந்தனர். இளைய பிள்ளைக்கு வயது நான்கு. அவனுடைய இடக் கையில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை வெந்த தழும்பு இருந்தது. பாட்டி கஞ்சிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கித் திரும்பிய வேளையில், பின்புறக் குளியலறைக்கு ஓடிய பிள்ளை அவர்மீது மோதியிருக்கின்றான்.

“ஐயா, பிள்ளை துடுக்கு என்கிறார்கள், அத்தைக்குக் கண் தெரியவில்லை என்கிறார்கள். எனக்கு என்னவோ இந்தக் குசினியே சரியில்லை என்று தோன்றுகிறது. அறையே கோணலாக இருந்தால் நாங்கள் என்னதான் செய்வது?” என்று அந்தத் தாய் கேட்டார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. அப்பழமொழியை இந்தத் தாயிடம் சொல்வது நியாயமாகாது. இங்கே கூடம் உண்மையிலேயே கோணல், ஆடுபவரும் கைதேர்ந்தவர். கோணலுக்கு ஏற்றவாறு பொருள்களை அமைக்கவில்லை என்பது மட்டுமே குறை.

குசினி எவ்வாறு கோணலாயிற்று?

ஆங்கிலேயர் காலத்துத் தோட்டங்களில் தொழிலாளர்களுக்கு நீண்ட லயங்கள் கட்டப்பட்டன. ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை என்பதே அக்காலத்து வழக்கமாக இருந்தது. தாழ்வாரத்திலோ, கால்களின்மேல் உயர்த்திக் கட்டிய லயமாயின் அதன் அடியிலோ சமைத்தனர். தனிக் குசினி பின்னர் வந்ததேயாகும். வீட்டின் பின்புறம் எஞ்சிய நிலத்தில், ஒரு பக்கம் அடுத்த வீட்டுச் சுவரும் மறுபக்கம் வடிகாலும் இருக்க, அவற்றுக்கு இடையில் கிடைத்த இடத்தில் சரிந்த கூரையுடன் குசினி ஒட்டப்பட்டது. வடிகால் சாய்ந்து ஓடினால் சுவரும் சாய்ந்தது.

தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரங்களை வரையறுத்து 1966-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. அச்சட்டம் 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. எனினும், முன்பே கட்டிய வீடுகளிலும், தோட்டத்தை விட்டு வெளியேறியோர் வாங்கிப் பின்புறம் நீட்டிக்கொண்ட வீடுகளிலும் கோணல் குசினிகள் இன்றும் உண்டு.

நாம் கண்ட குசினியின் அமைப்பு இது. நீளம் 12 அடி. வீட்டை ஒட்டிய முன்பக்கத்தில் அகலம் 8 அடி; பின்வாசல் பக்கத்தில் 5 அடி. உள்ளே நுழைவோரின் இடக்கைச் சுவர் நேரானது. வலக்கைச் சுவர் வடிகாலை ஒட்டிச் சாய்ந்து செல்வது. கூரை முன்பக்கத்தில் 9 அடி உயரம். பின்பக்கத்தில் ஆறரை அடி. பின்சுவரிலிருந்து 4 அடியில், சாய்ந்த சுவருக்கு 2 அடி இப்பால், கூரையைத் தாங்கும் கம்பம் ஒன்று. வாசல்கள் இரண்டும் இடக்கைச் சுவரோரம். சன்னல், சாய்ந்த சுவரின் நடுவில். தண்ணீர்க் குழாய், பின்பக்கத்து வலது மூலையில்.

காற்று வரட்டும் என்று அடுப்பைப் பின்வாசல் ஓரத்தில் வைத்திருந்தார்கள். அரிசியும் மளிகைப் பொருள்களும் முன்பக்கத்தில் இருந்தன. நறுக்கும் பலகையும் அங்கேயே இருந்தது. ஒரு வேளைச் சமையலை நாம் உட்கார்ந்து கவனித்தோம். அந்தத் தாய் அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 27 முறை நடந்தார். அதனினும் கவலைக்குரியது ஒன்று உண்டு. அறையிலேயே மிகக் குறுகலான இடத்தில், கூரை மிகத் தாழ்ந்த இடத்தில், எல்லாரும் நடக்கும் வழியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பிள்ளையின் கை வெந்ததற்குக் காரணம் பிள்ளையின் துடுக்குமன்று, பாட்டியின் பார்வையுமன்று. நெருப்பு இருந்த இடமே காரணம்.

நிரை வெட்டுவோர் அறிந்த பாடம்

நானூறு, ஐந்நூறு மரங்களை ஒரு காலையில் வெட்டி முடிப்பவருக்கு நடையின் அருமையைப் பிறர் கற்பிக்கத் தேவையில்லை. ஒரு நிரையில் போய் அடுத்த நிரையில் திரும்புவார். வெட்டிய மரத்திற்கு வீணாக மறுபடி நடக்கமாட்டார். மேட்டு நிலமாயினும் பள்ளமாயினும் நிலத்தின் போக்குக்கேற்ப நடையை வகுத்துக்கொள்வார். நிலம் கோணலாக உள்ளதென்று எவரும் வெட்டை விடுவதில்லை. அதே அறிவைக் குசினிக்குள் கொண்டுவருவதே இப்பாடத்தின் சாரம்: முதலில் நடையை வகுக்க வேண்டும், பிறகே பொருளை வைக்க வேண்டும்.

உலகில் பிறரும் இவ்வாறே ஆராய்ந்துள்ளனர். செர்மனி நாட்டின் பிராங்பர்ட் நகரில் 1926-ஆம் ஆண்டில் மார்கரெட்டே ஷுட்டே-லிகோட்ஸ்கி என்னும் கட்டடக் கலைஞர், தொழிலாளர் குடியிருப்புகளுக்கென ஒரு குசினியை வகுத்தார். அகலம் ஏறத்தாழ 6 அடி. நீளம் 11 அடி. இரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் மிகச் சிறிய இடத்தில் பலருக்குச் சமைப்பதைக் கண்டு, அதைப் பின்பற்றி அவர் இதனை அமைத்தார். அந்நகரில் ஏறத்தாழ 10,000 வீடுகளில் அக்குசினி அமைக்கப்பட்டது. நாம் கண்ட லிங்கிக் குசினி அதைவிடச் சற்றுப் பெரியதே! அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டுகளில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார், பொருள் வைக்கும் இடம், கழுவும் இடம், அடுப்பு ஆகிய மூன்றையும் ஒரு முக்கோணமாகக் கருதும் முறையைப் பரப்பினர். இம்மூன்றில் எந்த இரண்டுக்கும் இடையே 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மிகாமலும் இருத்தல் நலம் என்பது அம்முறை. குறைந்தால் நெருக்கம், மிகுந்தால் வீண் நடை.

அளந்து வரைதல்

எதையும் நகர்த்துமுன் அளக்க வேண்டும். ஓர் அளவு நாடா, பள்ளிப் பிள்ளையின் கட்டம் போட்ட கணக்கு நோட்டின் ஒரு தாள், ஒரு பென்சில் ஆகியவை போதும்.

நான்கு சுவர்களையும் தனித்தனியே அளந்து, ஓர் அடிக்கு இரண்டு கட்டம் என்ற கணக்கில் வரைய வேண்டும். எதிரெதிர்ச் சுவர்கள் சமம் என்று எண்ணிவிடலாகாது. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காகவும் அளந்தால்தான் கோணல் சரியாகப் படத்தில் வரும். பின்னர் வாசல், கதவு திறக்கும் பக்கம், சன்னல், கம்பம், குழாய், நீர்ப்போக்குத் துளை, மின்இணைப்பு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கூரை சரிவாயின் இரு முனைகளிலும் உயரத்தை எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன்பின், அடுப்பு, மேசை, அலமாரி, கழுவும் தொட்டி ஆகியவற்றை அதே கணக்கில் வேறு தாளில் வெட்டி எடுத்து, படத்தின்மேல் வைத்து நகர்த்திப் பார்க்கலாம். காகித அடுப்பைப் பத்து முறை நகர்த்தினாலும் எவருக்கும் இடுப்பு வலிப்பதில்லை.

முதலில் நடை, அடுத்து நெருப்பு, பிறகு நீர்

வரிசை இதுதான். முதலாவதாக, வீட்டார் கடந்து செல்லும் வழியைப் படத்தில் கோடிட வேண்டும். ஒருவர் தடையின்றிச் செல்ல இரண்டரை முதல் 3 அடி அகலம் வேண்டும். லிங்கி வீட்டில் வாசல்கள் இரண்டும் இடக்கைச் சுவரோரம் இருந்தன. ஆதலால் அச்சுவரை ஒட்டி வழியை விட்டோம். அங்கே எந்தப் பொருளும் வைப்பதில்லை என்று முடிவாயிற்று.

இரண்டாவதாக நெருப்பு. அறையின் அகலமான இடமும் கூரையின் உயர்ந்த இடமும் அடுப்புக்கே உரியவை. வழி போக, நிற்பதற்கு இடம் மிஞ்ச வேண்டும். வெப்பமும் புகையும் மேலேற வேண்டும். மூன்றாவதாக நீர். குறுகலான முனையில் கழுவும் இடம் இருக்கலாம். அங்கே ஒருவர் மற்றவர்மீது மோதினால் நனைவதோடு போகும்.

இவ்வாறு பார்த்தபோது அந்தக் குசினியின் அமைப்பு தானாகவே வந்தது. வேலை முழுவதும் சாய்ந்த சுவர் ஓரம் வந்துவிட்டது. வீட்டுச் சுவர் மூலையில் 2 அடிக்கு அரிசி, மளிகைத் தட்டு; அடுத்து 3 அடிக்கு அடுப்பு மேடை; அடுத்து சன்னல் வெளிச்சத்தில் 3 அடிக்கு நறுக்கும் மேசை; கம்பத்துக்கு அப்பால் 3 அடிக்குக் கழுவும் இடம். எல்லாவற்றுக்கும் ஆழம் 2 அடி. அரிசி எடுத்து, கழுவி, நறுக்கி, அடுப்பேற்றி, வீட்டுக்குள் பரிமாறும் வரை வேலை ஒரே வரிசையில் செல்கின்றது. அடுப்புக்கும் கழுவும் இடத்துக்கும் இடையே 6 அடி. அடுப்புக்கு முன்னால் 5 அடி இடம். நிற்பவருக்கு 2 அடி போக, செல்பவருக்கு 3 அடி மிச்சம்.

அடுப்பைச் சன்னலுக்கு நேர் கீழே வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காற்றில் தீ அணையும், திரைச்சீலையும் பற்றும். சன்னலுக்குப் பக்கத்தில் வைப்பதே முறை.

கம்பத்தையும் மூலையையும் என்ன செய்வது?

நடுவில் நின்ற கம்பத்தை அறுத்துவிடலாமா என்று கணவர் கேட்டார். கூடவே கூடாது, கூரையின் பாரம் அதன்மேல் நிற்கின்றது. மேசையின் ஒரு முனையை அக்கம்பத்தில் இணைத்து, கம்பத்தையே மேசையின் காலாக்கிக் கொண்டோம். தடையாக நின்றது துணையாயிற்று. கரண்டி, வடிகட்டி மாட்டும் ஆணிகளும் அதிலேயே அமைந்தன.

சாய்ந்த சுவரும் வீட்டுச் சுவரும் கூடும் மூலை சற்றுக் கூர்மையானது. சதுரமான பெட்டி அங்கே ஒட்டாது. பின்னால் எலியும் கரப்பானும் தங்கும் இடுக்கு உண்டாகும். அந்த மூலைக்கு ஒரு செய்தித்தாளை மடித்து அச்செடுத்து, அதன்படி பலகையை முக்கோணமாக அறுத்துத் தட்டுகள் அமைக்க வேண்டும். கனமான பொருள் கீழ்த்தட்டில், அன்றாடம் எடுப்பது இடுப்புக்கும் தோளுக்கும் இடையில், ஆண்டுக்கொரு முறை எடுப்பது மேலே என்று வைத்தால் எட்டி எடுக்கும் தொல்லை குறையும்.

அடுப்புப் பக்கத்துக்கும் வழிக்கும் இடையில், இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு சட்டப் பலகைத் தடுப்பையும் கணவர் அமைத்தார். தேவைப்படும்போது பெரியவர் திறக்கலாம். சிறு பிள்ளையால் இயலாது. பானையின் கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கும் பழக்கத்தை அன்றே தொடங்கினார்கள்.

மேசையின் உயரம்

தாழ்ந்த வெட்டுப் பட்டையில் நாள்தோறும் குனிபவர் வீட்டுக்கு வந்தும் குனியலாகாது. நேராக நின்று கையை மடக்கினால் முழங்கை நிற்கும் உயரத்துக்கு 3 அல்லது 4 அங்குலம் கீழே நறுக்கும் மேசை இருக்க வேண்டும். 5 அடி உயரமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 34 அங்குலமாகும். கடையில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் உயரமானவருக்கு ஏற்றவை. அளந்த பின்பே வாங்க வேண்டும். அடுப்பு மேடை இதனினும் சில அங்குலம் தாழ்ந்திருந்தால், பானைக்குள் பார்த்துக் கிண்ட இலகுவாகும். சமைப்பது தாய் மட்டுமன்று, கணவரும் மாமியாரும் என்றால், மிகுதியாக நிற்பவரின் அளவைக் கொள்வதே நியாயம்.

எரிவாயுவும் புகையும்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையில் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே எரிவாயுத் தோம்பை மூடிய அலமாரிக்குள்ளோ, நீர்ப்போக்குத் துளைக்கு அருகிலோ வைக்கலாகாது. அடுப்புக்கு நேர் அடியிலும் வேண்டாம். லிங்கி வீட்டில், அடுப்புக்கு அடுத்த மேசையின் திறந்த அடிப்பகுதியில், நிமிர்ந்த நிலையில் வைத்தோம். இணைப்புக் குழாய் சூடேறும் இடத்தைத் தொடாமல் செல்ல வேண்டும். வெடிப்போ தளர்ச்சியோ கண்டால் உடனே மாற்ற வேண்டும். கசிவைச் சோதிக்கச் சவர்க்கார நுரை போதும். தீக்குச்சி கூடவே கூடாது. வாடை வந்தால் வால்வை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, மின்விசை எதையும் தொடாமல் அனைவரும் வெளியேற வேண்டும். மின்சாரச் சோற்றுப் பானையையும் அரைக்கும் கருவியையும் குழாய்க்கு எட்டாத பக்கத்தில் வைக்க வேண்டும்.

விழாக் காலங்களில் பெரிய பானைக்கு இரப்பர் விறகு எரிக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. அதனைக் குசினிக்கு வெளியே, திறந்த கொட்டகையில் வைத்துக்கொள்வதே நல்லது. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி முதலியவற்றின் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. கண் எரிச்சலோடு போகும் காரியமன்று அது.

குசினியில் இடமில்லாதவை

தோட்டத்துக் குசினியில் மற்றோர் ஆபத்தும் நுழைகின்றது. பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தையும் களைக்கொல்லியையும் பழைய சாராயப் புட்டியிலோ சர்பத்துப் புட்டியிலோ ஊற்றிக் கொண்டுவந்து, அடுப்பு மேடைக்கு அடியில் வைப்பவர்கள் உண்டு. அமிலம் தோலையும் தொண்டையையும் பொசுக்கும். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டுள்ளது. சிறிதளவு விழுங்கினாலும் உயிரைக் குடிக்கக்கூடியது அது. இத்தகைய எந்த நஞ்சுக்கும் குசினியில் ஓர் அங்குல இடமும் கொடுக்கலாகாது. பழைய புட்டி ஏதேனும் வீட்டில் இருக்குமாயின், கீழே ஊற்றிவிடாமல் தோட்ட அலுவலகத்தில் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். பால் வாடை வீசும் வேலை உடுப்புக்கும் கத்திக்கும் பின்வாசலுக்கு வெளியே ஓர் ஆணி அடித்தால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் எவருக்கேனும் வெந்துவிட்டால், ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, எண்ணெய், மஞ்சள், கீச்சாப் ஆகிய எதையும் பூசலாகாது. புண் பெரிதாயின் 999 எண்ணை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நிர்வாகத்திடம் சொல்ல வேண்டியவை

மேசை, தட்டு, தடுப்பு ஆகியவற்றை நாமே மாற்றிக்கொள்ளலாம். சுவரை இடிப்பது, சன்னல் திறப்பது, குழாயையோ மின்கம்பியையோ நகர்த்துவது ஆகியவற்றுக்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கூரை ஒழுகல், அடைபட்ட வடிகால், உளுத்த கம்பம் ஆகியவற்றைத் தொழிலாளி தம் கைக்காசில் பழுது பார்த்து மறைத்துக்கொள்ளத் தேவையில்லை. வீடு வழங்கும் முதலாளி அதனைத் தரத்துடன் வைத்திருக்கக் கடமைப்பட்டவர். அளந்து வரைந்த படம் இங்கேயும் பயன்படும். அதன்மேல் பழுதான இடத்தைக் குறித்து, எழுத்து மூலம் கொடுத்து, ஒரு படியை வைத்துக்கொள்ள வேண்டும். பயன் விளையாவிடில் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ அணுகலாம்.

இரண்டு திங்கள் சென்று அவ்வீட்டுக்கு மீண்டும் போனோம். சுவர் முன்போலவே சாய்ந்திருந்தது. கம்பமும் நின்ற இடத்திலேயே நின்றது. சமையல் வேளையில் முனைக்கு முனை நடப்பதை எண்ணினோம், 11 முறை. பாட்டி அடுப்பருகில் இருந்தார். இளைய பிள்ளை இடக்கைச் சுவரோரம் பின்வாசலுக்கு ஓடினான். பாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

செய்து பார்க்க

1. உங்கள் குசினியை அளந்து, ஓர் அடிக்கு இரண்டு கட்டம் என வரையுங்கள்.
2. வீட்டார் நடக்கும் வழியைச் சிவப்புப் பென்சிலால் கோடிடுங்கள். அக்கோடு அடுப்புக்கு முன்னால் நெருங்கிச் செல்கின்றதா?
3. ஒரு வேளைச் சமையலில் முனைக்கு முனை எத்தனை முறை நடக்கிறீர்கள் என்பதை மூத்த பிள்ளையை எண்ணிச் சொல்லச் செய்யுங்கள்.
4. குசினியில் உள்ள புட்டிகளை இன்றே எடுத்துப் பார்த்து, உணவல்லாதவற்றை வெளியேற்றுங்கள்.